மாணவர் எழுதிய ஊர் வரலாறு

ஆராய்ச்சி என்றவுடன் நரைத்த தலையும் பெரிய நூலகமும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. பட்டம் பெற்ற பின்னரே ஆராய்ச்சி. அதுவரை பிறர் கண்டதைக் கற்பதே மாணவர் கடமை என்று பலரும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியன்று என்பதற்குத் தென்னார்க்காட்டுச் சிற்றூர் ஒன்றைச் சான்று காட்ட விரும்புகிறேன். அவ்வூரின் பெயர் இருவேல்பட்டு. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள அவ்வூர், அக்காலத்தில் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

1915ஆம் ஆண்டில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். அந்நாளையப் பொருளாதார நூல்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஆலைகளையும் அங்காடிகளையும் பற்றியே பேசின. நம் நாட்டு உழவரைப் பற்றி அறிய அவை போதா. ஆகவே ஸ்லேட்டர் ஒரு வினாப்பட்டியலை வகுத்தார். 1916இல் மாணவர் சிலர் அதனைக் கொண்டு தத்தம் ஊர்களை ஆராய்ந்தனர். ஊரில் எத்தனை குடும்பங்கள்? நிலம் யாருடையது? என்ன விளைகிறது? கூலி எவ்வளவு? கடன் எவ்வளவு? கேள்விகள் எளியவை. ஆனால் அவற்றிற்கு விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி முதலிய ஊர்களைப் பற்றி மாணவர் திரட்டிய செய்திகள் 1918இல் ஆங்கில நூலாக வெளிவந்தன.

அந்நூலின் பெருமை அது அச்சேறியதோடு முடியவில்லை. 1936-37இல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் அவ்வூர்களை மறுபடியும் ஆராயச் செய்து, 1940இல் நூல் வெளியிட்டனர். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் என்ற ஆங்கில அம்மையார் வந்தார். 1983இல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டைப் பற்றி மீண்டும் எழுதினர். 2010இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய மூவரும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் மாற்றங்களைத் தொகுத்துரைத்தனர். பெருநிலக்கிழாரின் பிடி தளர்ந்ததையும், தாழ்த்தப்பட்டோர் பிறர் தயவை நம்பி வாழ்ந்த நிலை குறைந்ததையும், உழவல்லாத தொழில்கள் ஊர் மக்களுக்குச் சோறிடத் தொடங்கியதையும் இன்று நம்மால் படிப்படியாகக் காண முடிகிறது. அரசர் படையெடுப்பு ஒன்றுமில்லாத ஒரு சிற்றூருக்கு இத்தகைய வரலாறு வாய்த்தது எப்படி? முதற்படியை ஒரு மாணவர் கட்டிவைத்ததனால் அன்றோ!

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். சொந்த ஊர் என்பது ஆராய்வோனுக்கு வசதி. அதுவே இடையூறும் ஆகும். அந்நாளில் சென்னைக்குச் சென்று கல்லூரியில் படிக்க வல்லவர் பெரும்பாலும் நிலபுலம் உடைய வீட்டுப் பிள்ளைகளே. நிலமுடையவர் வீட்டுப் பிள்ளை வந்து, "உனக்குக் கூலி போதுமா?" என்று கேட்டால் பண்ணையாள் மனந்திறந்து பேசுவானா? இக்குறையைத் தீர்க்கும் வழியும் அந்நூலிலேயே அமைந்தது. கேட்ட கேள்வியும் பெற்ற விடையும் எழுத்தில் இருந்தமையால், பின்வந்தோர் அவற்றைச் சோதித்துப் பார்க்க முடிந்தது.

அறிவியலிலும் இதற்குச் சான்று உண்டு. 1928இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவர் எஸ். சந்திரசேகர் அவரைச் சென்று கண்டார். தாம் கற்ற அணுக்கொள்கை பழையதாகிவிட்டது என்று அறிந்த அவ்விளைஞர் சோர்ந்துவிடவில்லை; அவர் தந்த புதிய கட்டுரையைப் படித்தார். மறு ஆண்டே, இன்னும் பட்டம் பெறாத அம்மாணவரின் ஆராய்ச்சிக் கட்டுரை இலண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. 1983இல் அவர் நோபெல் பரிசு பெற்றதை நீங்கள் அறிவீர்கள். எல்லாரும் சந்திரசேகர் ஆக இயலாது. ஆனால் இருவேல்பட்டு மாணவர் செய்த பணி உங்களுள் யாருக்கும் எட்டாததன்று.

1916இல் தென்னார்க்காட்டில் பல்கலைக்கழகம் இல்லை. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. பின்னர் வெள்ளாறு கடலொடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் அதன் கடல் உயிரியல் நிலையமும் எழுந்தது. சிதம்பரத்து விலங்கியல் மாணவர் வெள்ளாற்று நீரின் உப்பை மாதந்தோறும் அளந்து குறிக்கலாம். வரலாற்று மாணவர் தம் ஊர்க் கோயிற் கல்வெட்டில் காணும் ஏரி இன்று எங்கே என்று தேடலாம். கடலூர் மாணவர் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் தேவனாம்பட்டினத்து மீனவர் தொழில் எவ்வாறு மாறியது என்று முதியோரைக் கேட்டு எழுதலாம்.

எதை ஆராய்ந்தாலும் நாளைக் குறியுங்கள், இடத்தைக் குறியுங்கள், சொன்னவர் எத்தொழிலினர், நீங்கள் அவருக்கு என்ன முறையினர் என்பதையும் குறியுங்கள். முப்பது ஆண்டுகள் கழித்து வேறொரு மாணவர் அதே இடத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்பதற்கு அந்தக் குறிப்பு உதவும்.