தனதத்தன் மனையும் பரமதத்தன் கலமும்

காரைக்கால் அம்மையாரைப் பற்றிப் பேசுவோர் மாங்கனியில் தொடங்கிப் பேயுருவில் முடிப்பது வழக்கம். இடையே ஒரு வணிகக் குடியின் சொத்து வரலாறு கிடக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் அதனைப் பாடிய சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். பெருங்குடிகளின் வரவு செலவு அறிந்தவராகவே சொல்லிச் செல்கிறார்.

காரைக்கால் வணிகர் தலைவன் தனதத்தன். அவனுக்குப் புனிதவதி ஒரே மகள். நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு அவளை மணம் செய்வித்தான். மணமான பெண் கணவன் ஊர் புகுவதே முறை. தனதத்தன் அனுப்பவில்லை. தன் மனைக்கருகே வேறொரு மனை அமைத்து, அளவற்ற பொருளும் கொடுத்து, இருவரையும் காரைக்காலிலேயே இருத்திக்கொண்டான்.

புகார் நகரில் கோவலனையும் கண்ணகியையும் தனிமனையில் அமர்த்தியவள் கோவலனின் தாய். இங்கே அதைச் செய்தவன் பெண்ணைப் பெற்றவன். வேறுபாடு சிறிதன்று. ஒரே மகளைப் பெற்ற குடியின் செல்வம் இன்னொரு துறைமுகத்துக்குப் போய்விடாமல் காக்கும் ஏற்பாடு என்றே இதனைக் கொள்ள வேண்டும். பரமதத்தன் மனைவளத்தைப் பெருக்கினான் என்று சேக்கிழார் அவனுக்கு உரிய மதிப்பைக் குறைவின்றித் தருகிறார். ஆயினும் அவன் குடியிருந்தது மாமன் கட்டிய மனை. வணிகம் செய்தது மாமன் ஊர். நிதிபதியின் மகனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதைப் புராணம் சொல்லவில்லை. கதையின் போக்கு ஓரளவு சொல்லிவிடுகிறது.

அவன் அனுப்பிய இரு கனிகளுள் ஒன்று அடியாருக்குப் போயிற்று. அதற்கு ஈடாக அருளால் வந்த கனி அவனை அச்சுறுத்திற்று. அச்சத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கடல் வாணிபம் செய்து பெரும்பொருள் ஈட்டப் போவதாகச் சொன்னான். வணிகர் குடியில் இதைவிட ஐயத்துக்கு இடமற்ற காரணம் வேறில்லை. சுற்றத்தார் கலம் அமைத்து அனுப்பினர். திரும்பி வந்தவன் இறங்கியது பாண்டிநாட்டுக் கரை. அங்கே முன்மணத்தை மறைத்து வேறொரு வணிகன் மகளை மணந்தான். தானே ஈட்டிய பொருளில் தனக்கென ஒரு மனை கண்டான். பிறந்த பெண்ணுக்குப் புனிதவதியின் பெயரை இட்டான்.

செய்தி காரைக்காலுக்கு எட்டியதும் சுற்றத்தார் ஆளனுப்பி உண்மை அறிந்து, புனிதவதியைச் சிவிகையில் ஏற்றி அவனிருந்த ஊர்ச் சோலைக்குக் கொண்டுசென்றனர். உரியவளை உரியவனிடம் சேர்ப்பதே அவர்கள் நோக்கம். மறைந்திருந்தவனுக்கு இனி வழியில்லை என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அவனோ இளைய மனைவியோடும் மகளோடும் வந்து காலில் விழுந்தான்; இவர் மானிடர் அல்லர், நீங்களும் வணங்குங்கள் என்றான். சுற்றத்தார் திகைத்து நின்றனர். கணவனாக வழக்காடியிருந்தால் அவர்களிடம் விடை இருந்திருக்கும். அடியவனாகிவிட்டவனிடம் என்ன கேட்பது? அவனுக்கெனத் தாங்கிய தசை இனி வேண்டா என்று அவர் உதறினார். காரைக்கால் மனை என்னவாயிற்று என்று சேக்கிழார் பிறகு பேசுவதில்லை.

அம்மையாரின் சொந்தப் பாடல்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன: திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் 22, திருவிரட்டை மணிமாலை 20, அற்புதத் திருவந்தாதி 101. இந்த 143 பாடல்களில் தந்தை இல்லை, கணவன் இல்லை, மாங்கனியும் இல்லை. காரைக்கால் என்ற ஊர்ப்பெயரையும் பேய் என்ற பெயரையும் மட்டும் அவர் தம்முடையனவாக வைத்துக்கொண்டார். சுந்தரர் தொண்டத்தொகையில் பேயார் என்றே குறிப்பிட்டார். 11ஆம் நூற்றாண்டில் கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பியும் கூத்தன் காலடியில் தாளம் இடும் எலும்புருவையே செதுக்கினான். குடும்பக் கதை முழு வடிவில் வருவது சேக்கிழாரிடம்தான். கடற்கரை வணிகர் குடிகளின் நினைவிலிருந்து அவர் அதனைப் பெற்றிருக்கலாம். அவருக்கு முன்பே நம்பியாண்டார் நம்பி அம்மையாரைக் காரைக்காலின் குலதனம் என்று குறித்தார். எந்தக் குலத்தின் தனம் என்று கேட்கத் தோன்றுகிறது.

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழா பரமதத்தனின் மாப்பிள்ளை அழைப்போடு தொடங்குகிறது. மறுநாள் திருக்கல்யாணம். பிச்சாண்டவர் வீதியுலா வருகையில் மாடிகளிலிருந்து மக்கள் மாம்பழங்களை வாரி இறைக்கிறார்கள். கீழே கைகள் நீள்கின்றன.