செகண்ட் ஹேண்ட் டூரிங் பைக் வாங்கியாச்சா? லாங் ரைடுக்கு முன் இதையெல்லாம் மாத்துங்க!

டாமினார் 400 மாதிரியான ஸ்போர்ட்-டூரிங் பைக்கை பழசாக வாங்கியதும் பலர் முதலில் தேடுவது பெட்டியும் கூடுதல் லைட்டும்தான். ஆனால், காசை முதலில் போட வேண்டிய இடம் வேறு.

டயர், பிரேக்: டயரின் பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண்ணைப் பாருங்க. '2319' என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாவிட்டாலும், ரப்பர் இறுகிய டயர் மழையில் வழுக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். பழைய ஆயில் என்றால் மலை இறக்கத்தில் சூடாகி பிரேக் பிடிக்காமல் போகலாம்.

செலவில்லாத மாற்றம்: பின்னால் ஆளும் லக்கேஜும் ஏறினால், பின்பக்க ஷாக் அப்சார்பரின் ப்ரீலோடைக் கூட்டுங்க.

காற்று: வேகம் இரு மடங்கானால் காற்றின் அழுத்தம் 4 மடங்காகும். உயரமான விண்ட்ஷீல்டு இருந்தால் கழுத்து, தோள் வலி குறையும். டாமினார் 400-ல் 2021 முதல் இது கம்பெனியிலேயே வந்தது. பழைய மாடலுக்குத் தனியாக மாட்டணும்.

சீட், ஹேண்டில்பார்: ரொம்ப மெத்தென்ற சீட் சீக்கிரம் அமுங்கிவிடும். கொஞ்சம் கெட்டியான ஃபோம்தான் நல்லது. ஹேண்டில்பாரை உயர்த்தினால் இருபக்கமும் முழுசா திருப்பி, கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடவில்லையே எனப் பாருங்க.

முக்கியமா, பைக் கைமாறிய 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கணும். இல்லைன்னா விபத்து நடந்தால், பைக் சேதத்துக்கு க்ளெய்ம் வாங்குவது சிக்கலாகிவிடும்.