வோபான் குடியிருப்பு

ஜெர்மனி தேசத்தின் தென்மேற்கு மூலையில், கருங்காட்டு மலைகளின் அடிவாரத்திலுள்ள ஃபிரைபுர்க் நகரத்தின் தென்புறத்தில், ராணுவப் பாளையமாக இருந்த சுமார் 40 ஹெக்டேர் நிலத்தின்மீது எழுந்த வாசஸ்தலம் வோபான் ஆகும். 1930-களில் ஜெர்மானிய சேனைக்கென்று கட்டப்பட்ட அப்பாளையம், இரண்டாம் உலக மகாயுத்தத்திற்குப் பின் பிரெஞ்சுப் படையின் வசமாகி, 17-ஆம் நூற்றாண்டில் இந்நகருக்குக் கோட்டை கொத்தளங்களை வகுத்த பிரெஞ்சு நிபுணர் வோபானின் பெயரைப் பெற்றது. 1992-இல் படைகள் வெளியேறின; பெயர் நிலைத்தது.

நிலத்தின் பெரும்பகுதியை மத்திய அரசாங்கத்திடமிருந்து நகரசபையே விலைக்கு வாங்கி, சிறு சிறு மனைகளாகப் பிரித்து, தாமே கூடி வீடு கட்ட முன்வந்த குடும்பக் குழுக்களுக்குப் பெருமளவில் விற்றதுதான் இவ்வூர் சிறந்து விளங்குவதற்கு மூலகாரணம் என்று கொள்ளவேண்டும். அங்கே குடியேறப்போகிறவர்கள் ‘ஃபோரும் வோபான்’ என்ற சங்கத்தின் மூலம், திட்டம் உருவாகும்போதே தங்கள் அபிப்பிராயங்களைச் சொல்லும் உரிமை பெற்றிருந்தனர். பழைய பாளையக் கட்டடங்களில் சில இடிக்கப்படாமல், செப்பனிடப்பட்டு, மாணவர்களுக்கும் எளிய வருவாயினருக்கும் இல்லங்களாயின. பாளையக் காலத்து முதிர்ந்த விருட்சங்களில் பலவற்றையும் வெட்டாமல் விட்டதால், புதிய ஊருக்கு முதல் நாளிலேயே நிழல் இருந்தது.

மோட்டார் வண்டி விஷயத்தில் இவ்வூர் கைக்கொண்ட முறை விசேஷ கவனத்திற்குரியது. ஊரின் பெரும்பகுதியில் வண்டி வைத்திருப்பவர் ஓரத்திலுள்ள அடுக்குமாடிக் கொட்டகையில் பெரும் தொகை கொடுத்து இடம் வாங்கவேண்டும். அங்கே வீட்டு வாசலில் சாமான் இறக்கலாமேயன்றி, வண்டியை நிறுத்தி வைக்கலாகாது. ஆகவே குறுக்குத் தெருக்களில் குழந்தைகள் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து நடுவீதியிலேயே விளையாடுகிறார்கள். ஆனால் வீடு ஒன்றுக்கு வண்டி நிறுத்த ஓரிடம் காட்டவேண்டும் என்பது ஃபிரைபுர்க் அடங்கிய மாநிலத்தின் அன்றைய சட்டம். வண்டியே இல்லாத குடும்பங்கள் என்ன செய்வது? அவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, என்றேனும் தேவைப்பட்டால் கொட்டகை கட்டிக்கொள்வதற்கென்று ஒரு நிலத்தை ஒதுக்கி வைத்து, சட்டத்திற்கும் குறைவராமல், தங்கள் சங்கல்பத்திற்கும் பங்கமில்லாமல் காரியத்தை முடித்துக்கொண்டனர். 2006 முதல் டிராம் வண்டி ஊருக்குள்ளேயே வருகிறது. தண்டவாளங்களினிடையே புல் வளர்கிறது. மழைநீர் சாக்கடையைச் சேராமல், ஆழமற்ற புல்வாய்க்கால்களில் தேங்கி மண்ணுக்குள் இறங்குகிறது.

புதிதாகக் கட்டும் எல்லா வீடுகளும் ஆண்டொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 65 கிலோவாட் மணிக்கு மேல் வெப்பம் கொள்ளாதவாறு கட்டப்படவேண்டுமென்று விதித்தார்கள். 15 கிலோவாட் மணிக்குள் அடங்கிய வீடுகளும் உண்டு. மரச்சில்லுகளை எரித்து வெப்பமும் மின்சாரமும் தரும் நிலையம் ஒன்றும் அமைந்தது. கட்டடக் கலைஞர் ரோல்ஃப் டிஷ் அமைத்த சூரியக் குடியிருப்பின் 59 வீடுகளோ, ஓராண்டில் தாம் செலவிடும் சக்தியைவிட அதிகமாகவே உற்பத்தி செய்யும் நோக்கத்துடன் கட்டப்பட்டவை.

இப்போது இங்கே ஐயாயிரத்திற்கு மேற்பட்ட ஜனங்கள் வசிக்கின்றனர். வண்டிக் கொட்டகைக்கென்று ஒதுக்கிய நிலத்தில் கொட்டகை எழவில்லை. அது பசும்பூமியாகவே இருந்துவந்தது.