சிறு துளையின் சரித்திரம்

களனி நதி கடலோடு கலக்கும் முகத்துக்கு வடகரையில் இருக்கிறது ஹெந்தளை. ஆங்கிலேயர் 1802-ஆம் ஆண்டில் தொடங்கி 1804-இல் வெட்டி முடித்த ஹமில்டன் கால்வாய் இப்பகுதியினூடாகவே நீர்கொழும்பை நோக்கிச் செல்கிறது. வெள்ளை அதிகாரி ஒருவரின் பெயர் கால்வாய்க்கு நிலைத்துவிட்டது. இடுப்பளவு சேற்றில் நின்று மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயரையேனும் நாம் அறியோம். சரித்திரம் எழுதப்படும் முறை பெரும்பாலும் இதுதான்.

அந்தக் கால்வாய்க் கரையில், தகரக் கொட்டகை ஒன்றில், முதிய மெக்கானிக் ஒருவர் 1950-களில் அமெரிக்காவில் செய்யப்பட்ட வெளியிணைப்பு மோட்டார் ஒன்றின் கார்புரேற்றரைக் கழற்றிக்கொண்டிருக்கக் கண்டேன். பழைய பெற்றோல் வற்றி உள்ளே அரக்குப்போல் படிந்திருந்தது. ஜெட்டின் துளை அடைபட்டிருந்தது. கிண்ணத்தில் மிதக்க வேண்டிய தக்கை, பெற்றோலைக் குடித்துக் கனத்து அடியில் கிடந்தது. தக்கை அமிழ்ந்தால் ஊசி மூடாது. ஊசி மூடாவிட்டால் எண்ணெய் வழிந்து எஞ்சின் மூச்சுத் திணறிவிடும்.

உதவிக்கு நின்ற பையன் மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை எடுத்தான். "வேண்டாம் தம்பி, கம்பி போட்டால் துளை பெருத்துப்போகும். ஊறவைத்து ஊது, போதும்" என்றார் முதியவர்.

அந்தச் சின்னஞ்சிறு துளைக்குப் பின்னே நீண்ட வரலாறு உண்டு. பாயும் பொருளின் வேகம் கூடுமிடத்தில் அதன் அழுத்தம் குறையும் என்னும் உண்மையை டேனியல் பெர்னூலி 1738-இல் நூலாக வெளியிட்டார். ஒடுங்கிய குழாயில் நீர் பாயும் விதத்தை இத்தாலியரான வென்டூரி ஆராய்ந்தார். 1893-இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் மேபாக், ஜெட்டின் வழியே பெற்றோலைத் தூவானமாகத் தெளிக்கும் கார்புரேற்றரை உருவாக்கினார். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்னும் தொழிலாளி, படகின் பின்புறத்தில் மாட்டத்தக்க மோட்டாரை 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஏரியில் உல்லாசமாகப் படகோட்டியவர்களுக்கு அது ஒரு வசதி. நம் கடற்றொழிலாளிக்கோ அது பிழைப்பாயிற்று.

1950-களில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்து நிபுணர்கள் இலங்கைக்கு வந்து, நாட்டுப் படகுகளில் இயந்திரம் பொருத்தும் சோதனைகளில் ஈடுபட்டனர். கேரளத்தின் நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் நடந்ததும் அக்காலத்திலேதான். பாய்க்குக் காற்றையும் துடுப்புக்குத் தோள்வலியையும் நம்பியிருந்தவன், கரைக்காற்று எழுமுன்னரே புறப்பட முடிந்தது. பிடித்த மீன் கெடுமுன் கரைக்குத் திரும்ப முடிந்தது. இந்த நன்மையை எவரும் மறுப்பதற்கில்லை.

ஆனால், காற்று எவரிடமும் விலை கேட்டதில்லை. எண்ணெய் கேட்டது. 1961-இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1969-இல் இதே களனியின் வடபுறத்தில், சபுகஸ்கந்தையில், சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. ஆயினும் மசகெண்ணெய் கடல் கடந்தே வந்தது. 1973-இன் பிற்பகுதியில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் உலகச் சந்தையில் அதன் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அந்நியச் செலாவணிப் பஞ்சத்தால் இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டிருந்த காலமும் அதுவே. உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும்? தடித்த காகிதத்தை உலோக விளிம்பின்மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டியே கஸ்கெட் வெட்டிக்கொள்ளும் வித்தை, இத்தகைய பஞ்சத்தில்தான் கைகளுக்கு உரமாகிறது.

பெற்றோல் கட்டுப்படியாகாதவன் மண்ணெண்ணெய்க்கு மாறினான். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே அதற்கென அமைந்த மோட்டாரையும் பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். கரையை அடைந்து நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றாவிட்டால், மறுநாள் விடியலில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். இந்தப் பாடத்தை மீனவன் கடலிலே கற்றான்.

2022-ஆம் ஆண்டின் நெருக்கடியில் அந்த மண்ணெண்ணெயும் மறைந்தது. வெற்றுக் கலன்களோடு மக்கள் வரிசையில் காத்து நின்றார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து, பிளாஸ்டிக் மணிகள் இந்தக் கரையெங்கும் ஒதுங்கி, தொழிலுக்குத் தடை விழுந்திருந்தது. கப்பலை அனுப்பியவனும் எண்ணெய்க்கு விலை வைத்தவனும் கடலில் இறங்குவதில்லை. இறங்குகிறவன் இருவருக்காகவும் விலை கொடுக்கிறான்.

கொட்டகையில் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. முதியவர் கார்புரேற்றரைத் தலைகீழாகப் பிடித்து, புதிய மிதவை விளிம்புக்கு இணையாக நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். கலவைத் திருகை மெல்ல முழுவதும் மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்தார். பீப்பாய் நீரில் மோட்டார் இருமியது, புகைந்தது, பின் சீராக ஓடியது. "இனிமேல் காதுதான்" என்று பையனிடம் சொல்லி, திருகை அவன் விரல்களில் கொடுத்தார்.

எவின்ரூட் பெயரில் மோட்டார் செய்வது 2020-இல் நின்றுவிட்டது. செய்தவர்கள் கைவிட்ட பின்னும் அத்தகைய மோட்டார்களை ஓடச்செய்பவை இத்தகைய கைகளே. கடலில் எஞ்சின் நின்றுபோனால் நீரோட்டம் இழுத்துச் செல்லும். எனவே அந்தத் துளையின் சுத்தம் ஒரு குடும்பத்தின் உயிரைக் காப்பது. கண்டுபிடித்தவனுக்கு நூல்களில் இடம் இருக்கிறது, நிபுணனுக்கு அறிக்கைகளில் இடம் இருக்கிறது. பழுது பார்த்தவனுக்கு? அவனுடைய அறிவு ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மட்டுமே போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பையன் நாளை வேறு பிழைப்புத் தேடிக் கடல் கடந்துவிட்டால், அதுவும் அறுந்துபோகும்.

கால்வாய் வெட்டியவன் பெயரைத் தவறவிட்டோம். அதன் கரையில் குந்தியிருப்பவன் பெயரையாவது எழுதிவைப்பது, நம் வரலாற்றாசிரியர்கள் இன்னும் அடைக்காத கடன்.