மல்லாட்டைப் பூஞ்சணமும் எலிகள் சொன்ன சாட்சியும்

திண்டிவனம் பக்கத்திலே நிலக்கடலையை மல்லாட்டை என்போம். என் தகப்பனார் மூட்டைக்குள் கைவிட்டு நாலு காயை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்ப்பார். கலகலவென்று சத்தம் வந்தால் காய்ச்சல் சரி. பூஞ்சணம் பிடித்த பருப்பைப் பொறுக்கிச் செக்குக்கு விலை குறைத்துத் தள்ளிவிடுவோம். புண்ணாக்கு மாட்டுக்குத்தானே என்பது அன்றைய நியாயம். அகமதாபாத்தில் கடை போட்ட பிறகு நானும் சில வருஷம் அதையே செய்தேன். அது பிழை என்று எனக்குக் காட்டிய சரித்திரத்தைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. காரணம் புரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். துருவிப் பார்த்ததில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு அகப்பட்டது. அதில் வளர்ந்த பூஞ்சணம் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அந்தப் பெயரைச் சுருக்கியே அதன் நஞ்சை அஃப்ளடாக்ஸின் என்றார்கள். 1961-இல் அத்தகைய புண்ணாக்கைத் தீனியில் கலந்து கொடுத்தபோது எலிகளின் ஈரலில் புற்றுக்கட்டிகள் தோன்றின.

இது எப்படி நேர்கிறது? நஞ்சைக் கழிக்கப் பார்க்கும் ஈரலின் நொதிகளே அதை இன்னும் வீரியமாக்கிவிடுகின்றன. வீரியமான நஞ்சு டி.என்.ஏ.வில் உள்ள குவானின் என்ற எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 1977-இல் கண்டறிந்தார்கள். பேரேட்டில் ஓர் இலக்கத்தின்மேல் மை கொட்டினால் பிரதி எடுக்கிறவன் வேறு இலக்கம் போட்டுவிடுவான் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். சுண்டெலிக்கு இந்த நஞ்சை முறிக்கும் நொதி மிகுதி. அதனால் அது பெரும்பாலும் தப்பிவிடும்.

அப்படியானால் மனிதன் எந்தப் பக்கம்? 1987-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்று முதல் வகுப்பில் வைத்தது. 1991-இல் சீனாவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் ஈரல் புற்றுக் கட்டிகளைச் சோதித்தார்கள். அவற்றில் பலவற்றின் பி53 மரபணுவில், ஒரே இடத்தில், அதே குவானின் எழுத்து மாறியிருந்தது.

இதற்கெல்லாம் முன்னே, 1974-இல், இந்த குஜராத்தின் பஞ்சமகாலிலும் அடுத்துள்ள ராஜஸ்தானின் பான்ஸ்வாடாவிலும் மழையில் நனைந்து பூஞ்சணம் கண்ட மக்காச்சோளத்தை ஏழை ஜனங்கள் தின்றார்கள். காமாலை கண்டு, வயிறு வீங்கி, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அது புற்று அல்ல, ஒரேயடியாக ஏறிய நஞ்சு. வீட்டு நாய்களும் செத்தன. வான்கோழிகள் செத்துப் பதினாலு வருஷம் ஆகியும், அந்தச் சேதி களத்துமேட்டுக்கு வந்து சேரவில்லை.

எலியைக் கொன்று அறிவு தேடலாமா என்று ஜைனனாகிய என்னிடம் கேட்பார்கள். என் மனசு ஒப்பாது. ஆனால் அந்தச் சாட்சியைக் கேட்ட பிறகும் பூஞ்சணச் சரக்கை விற்றால், எலிக்குச் செய்த ஹிம்சையோடு மனிதருக்குச் செய்யும் ஹிம்சையும் என் தலையில்தான் விழும். புண்ணாக்கு தின்ற பசுவின் பாலிலும் இந்த நஞ்சு இறங்குகிறது. வறுத்தாலும் முழுசாகப் போகாது.

ஒதுக்கிய பருப்பை இப்போது நான் விற்பதில்லை. நஷ்டம் உண்டு, பரவாயில்லை. அன்பர்களும் வீட்டில் சுருங்கின, நிறம் மாறின, கசக்கிற கடலையை வீணாகிறதே என்று பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள். காயைக் காதோரம் ஆட்டிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் நான் விடவில்லை.