கிடார் பளபளக்கணுமா? பாலிஷ் பாட்டிலைத் திறக்கும் முன் இதைப் படிங்க!

ஆசை ஆசையாக வாங்கிய கிடார். ஆறே மாசத்துல விரல் ரேகை, வியர்வைப் படலம், தூசுன்னு மங்கிப்போய் நிற்கும். உடனே வீட்டில் இருக்கும் ஃபர்னிச்சர் ஸ்ப்ரேயையோ, பைக் பாலிஷையோ எடுத்து ஒரு தேய் தேய்க்கத் தோணும். கொஞ்சம் பொறுங்க! அழுக்கை எப்ப வேணும்னாலும் துடைச்சுக்கலாம். தப்பான பாலிஷ் செய்யும் சேதத்தைத் துடைக்க முடியாது.

உங்க கிடார் எந்த வகை?

மரத்தின் மேல் பூசப்படும் மெல்லிய பூச்சுதான் ஃபினிஷ். அழகு மட்டுமல்ல, வியர்வையும் ஈரமும் மரத்தில் இறங்காமல் காப்பதும் அதுதான். எல்லா கிடாருக்கும் ஒரே பூச்சு கிடையாது.

* பாலியூரிதேன், பாலியெஸ்டர்: இன்றைய பட்ஜெட் கிடார்களில் பெரும்பாலும் இதுதான். கெட்டியானது. சாதாரண கிடார் பாலிஷைத் தாங்கும்.

* நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்: 1950-களின் அமெரிக்க கிடார்களில் பரவலாக இருந்தது. கிப்ஸன் நிறுவனம் இன்றும் பயன்படுத்துகிறது. ரொம்ப சென்சிட்டிவ். சில ஸ்டாண்டுகளின் ரப்பர் பட்டாலே நாளடைவில் இளகி, கறை விழும். ஸ்டாண்டில் பருத்தித் துணியைச் சுற்றி வைப்பது நல்லது.

* ஷெல்லாக்: அரக்கிலிருந்து தயாராவது. 'ஃப்ரெஞ்ச் பாலிஷ்' முறையில் கையால் பூசப்படும் கிளாசிக்கல் கிடார்களில் இருக்கும். ஆல்கஹால் பட்டால் கரையும். சானிடைசர் போட்ட ஈரக் கையோடு தொடவே கூடாது.

* மேட், சாட்டின்: பளபளப்பே இல்லாத பூச்சு. இதைத் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் பளபளத்து, திட்டுத் திட்டாகத் தெரியும். பழையபடி மாற்றுவது கஷ்டம். உலர்ந்த துணியே போதும்.

எந்த வகைன்னு தெரியலையா? மாடல் பெயரை நிறுவனத்தின் இணையதளத்தில் தேடினால், பெரும்பாலும் 'ஃபினிஷ்' என்ற வரியில் இருக்கும்.

துடைப்பது எப்படி?

1. வாசித்து முடித்ததும் மைக்ரோஃபைபர் துணியாலோ, மெத்தென்ற பழைய காட்டன் டிஷர்ட்டாலோ துடைங்க. கை படும் இடம், கம்பிகள், கழுத்தின் பின்பக்கம்... இந்த மூன்றும் முக்கியம்.

2. தூசு அதிகமாக இருந்தால் முதலில் மெதுவாகத் தட்டி எடுத்துடுங்க. தூசோடு தேய்த்தால் அதுவே உப்புத்தாள் மாதிரி கீறும்.

3. விரல் ரேகை போகலையா? வாயால் 'ஹா'ன்னு ஊதித் துடைங்க. அந்த ஈரமே பாதி வேலையை முடிச்சிடும். அதற்கும் அசையாத கறைக்கு, லேசாக நனைத்துப் பிழிந்த துணி. உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை.

4. பாலிஷ் போடுவது சில மாதங்களுக்கு ஒருமுறை போதும். கிடாருக்கென்றே விற்கும், சிலிக்கோன் இல்லாத பாலிஷாகப் பாருங்க. துணியில் துளி விட்டுத் தேய்க்கணும், கிடார் மேல் நேராக அடிக்கக் கூடாது. அக்கூஸ்டிக் கிடாரின் உள்பக்கம் பொதுவாகப் பூச்சே இல்லாத வெறும் மரம். திரவம் உள்ளே போனால் மரம் குடிச்சிடும்.

விரல் பலகைக்குத் தனி கவனம்

ரோஸ்வுட், எபோனி விரல் பலகைகளில் பெரும்பாலும் பூச்சு இருக்காது. பாடி பாலிஷ் அங்கே வேண்டாம். கம்பி மாற்றும்போது உலர்ந்து தெரிந்தால், விரல் பலகைக்கான எண்ணெய் இரண்டு துளி விட்டுத் துடைத்து எடுத்தால் போதும். மேப்பிள் பலகைக்கு வழக்கமாகப் பூச்சு உண்டு. அதற்கு எண்ணெய் தேவையில்லை.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

* ஃபர்னிச்சர் ஸ்ப்ரே: பலவற்றில் சிலிக்கோன் இருக்கும். பின்னாளில் ரிப்பேருக்குப் போனால், புதுப் பூச்சு ஒட்டாமல் குழிகுழியாக நிற்கும்.

* டூத்பேஸ்ட்: கீறலைப் போக்கும்னு சொல்வாங்க. அது பூச்சையே அரைத்து எடுக்கும் பொருள்.

* தேங்காய் எண்ணெய்: பிசுபிசுத்து, இன்னும் தூசைச் சேர்க்கும்.

* கொசு விரட்டி கிரீம்: 'டீட்' என்ற ரசாயனம் உள்ளவை பூச்சைக் கரைக்கும். பூசியிருந்தால் கையைக் கழுவிட்டு வாசிங்க.

வெயில், மழை, ஏசி

கிடாருக்கு ஏற்ற காற்றின் ஈரப்பதம் சுமார் 45 முதல் 55 சதவிகிதம். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இது எளிதாக எகிறிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு, அவ்வப்போது மாற்றுங்க. மதிய வெயிலில் காருக்குள் விட்டுட்டுப் போனால் பசை இளகலாம். கடும் சூட்டிலிருந்து சட்டுன்னு ஏசி அறைக்குக் கொண்டுபோனால் பூச்சில் மெல்லிய வெடிப்பு விழலாம். பெட்டியை உடனே திறக்காமல் கொஞ்ச நேரம் விடுங்க.

தேய்மானம் குற்றமல்ல!

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969-ல் வாங்கிய 'ட்ரிக்கர்' கிடாரில், வாசித்து வாசித்தே மேல்பலகையில் ஓட்டை விழுந்துவிட்டது. அயர்லாந்து கிடாரிஸ்ட் ரோரி கல்லகரின் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பூச்சு பெருமளவு உதிர்ந்து வெறும் மரம் தெரியும். இரண்டுமே கிடார் உலகின் செல்லப் பிள்ளைகள்.

அதனால், மாமாவோ தாத்தாவோ கொடுத்த பழைய கிடார் வீட்டில் இருந்தால், அதைப் புதுசாக்குறேன்னு சுரண்டி மறுபூச்சு அடிச்சிடாதீங்க. அரிய பழைய கிடார் என்றால், அசல் பூச்சு போனதும் மதிப்பும் சரியும். வெடிப்போ உரிதலோ தெரிந்தால் கிடார் ரிப்பேர் தெரிந்தவரிடம் காட்டுங்க. மற்றபடி ஒரு துணி, தினமும் ஒரு நிமிஷம். அவ்வளவுதான்!