கட்டுமரமும் கண்ணாடி நாரும்

கடலூர்த் துறையில் முன்னாளிற் கப்பல்கள் கரையை அணுகுவதில்லை. அவை தூரத்தே நங்கூரம் பாய்ச்சி நிற்க, சரக்கும் மாந்தரும் சலங்குகளிலே கரையேறுவர். ஆங்கிலக் கம்பெனியார் 1690-ஆம் ஆண்டில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய காலத்திலும் இதுவே வழக்கம். சலங்கிற்கு ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பர். ஆணியறைந்த படகு அலையடியிற் பிளந்துபோம், தைத்ததோ வளைந்துகொடுக்கும்.

கட்டுமரம் அதனினும் எளிது. இலேசான மரங்களைச் செதுக்கிக் கயிற்றாற் பிணைப்பர். கரை சேர்ந்ததும் அவிழ்த்து உலர்த்துவர். மரம் நீரையுறிஞ்சிக் கனத்துவிடுமன்றோ?

அம்மரந்தான் யாது? செல்லுலோஸ் என்னும் நாரை லிக்னின் என்னும் பசை பற்றி நிற்பதே மரம். இரண்டும் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்தமைந்த பலபடிகள். தேங்காய் நாரிலுள்ளனவும் இவையே. இத்தகைய நெடுஞ்சங்கிலிகள் உண்டென்று ஜெர்மானிய ரசாயனப் பண்டிதர் ஸ்டௌடிங்கர் 1920-இல் எழுதியபோது உடன்பட்டோர் சிலரே. 1953-இல் அவருக்கு நோபெல் பரிசு கிட்டிற்று. அதற்குள் மேனாட்டார் மரத்தின் ஏற்பாட்டையே செயற்கையிற் செய்துவிட்டனர்: செல்லுலோஸின் இடத்திற் கண்ணாடி நார், லிக்னினின் இடத்திற் பாலியெஸ்டர்ப் பிசின். அச்சின்மேல் நார்ப்பாயை விரித்துப் பிசினைத் தோய்த்து, உருளையாற் காற்றை நீக்கி, அடுக்கடுக்காய் ஏற்றி இறுகவிட்டால் படகாகின்றது.

இப்படகு நம் கரைக்கு முன்னரே வரத் தொடங்கியிருந்தது; எனினும் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையே அதனை எங்கும் பரப்பிற்று. கடலூர் ஜில்லாவில் மாண்டோர் 600-க்கு மேற்பட்டவர். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிதம்பரத்தையடுத்த கிள்ளைப் பக்கத்துக் குப்பங்கள் ஆகியவற்றில் கட்டுமரங்களும் படகுகளும் நொறுங்கின. உதவ வந்த சங்கங்கள் ‘ஃபைபர்’ படகுகளையே மிகுதியாய் வழங்கின.

அவற்றை ஏற்றவர்மீது குறை சொல்லுதல் நியாயமன்று. ஃபைபர் நீரையுறிஞ்சாது, அவிழ்த்து உலர்த்தும் வேலையில்லை, யந்திரம் பூட்டினால் நெடுந்தூரம் செல்லும். ஆயினும் ஒன்றுண்டு. கட்டுமரத்தில் ஒரு மரம் பழுதானால் அதைமட்டும் மாற்றலாம், பழுதானதும் அடுப்பிற்காகும். பாலியெஸ்டர்ப் பிசினின் சங்கிலிகளோ ஒருமுறை குறுக்கே பிணைந்து இறுகினால் மீண்டும் உருகா. உடைந்ததை ஒட்டலாமேயன்றி உருக்கி வார்த்தல் இயலாது. எரித்தாலோ நச்சுப்புகை. மக்காமற் கிடப்பதற்குக் கரையில் இடந்தேட வேண்டியதே.

கைத்தொழிலின் நிலையும் இதுவே. மரத்தின் வளைவறிந்து செதுக்கும் முதியோர் நம்மவருள் அருகி வருகின்றனர். எந்த மரம், எத்தனை முழம், எவ்வகைக் கட்டு என்னும் விவரங்களை அவர்கள் வாய்மொழியாய்க் கேட்டெழுதி, ஊர்ப்பெயருடன் இப்பத்திரிகைக்கு அனுப்புமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.